மூச்சடக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்

எங்கள் செஞ்சியில் இருதய வால்வு கசிகிற மனிதர் ஒருவர்கூட இல்லை. இதை நான் சொல்லவில்லை. திருவண்ணாமலை சாலையில், கோட்டை பின்னணியில் தெரிகிற மாதிரி மூன்று மாடி எழுப்பி உட்கார்ந்திருக்கும் ராஜகிரி இருதய உயராய்வு நிலையம் சொல்கிறது. சொல்வதோடு நிற்காமல் பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய பலகையும் வைத்திருக்கிறது. ‘ஆயிரத்து இருநூறு இருதயங்கள் ஆராயப்பட்டன. கசிவு: சுழியம்.’ அந்தப் பலகையின் நிழலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மண்டும். நிழலாவது கொடுக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

அந்த ஆயிரத்து இருநூறில் ஒன்று, நிலையத்தின் பதிவேட்டின்படி, குஞ்சம்மாளின் இருதயம். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

குஞ்சம்மாள் செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக்காரி, நாற்பத்திரண்டு வயது. அவள் கணவர் தனகோட்டி, செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டையும் கடலை மூட்டையும் எடை போடுகிறவர். எந்த எந்திரத்தையும் மரியாதையோடு பார்க்கிற மனிதர். முள் காட்டுவதை நம்பாவிட்டால் அவர் தொழிலே நடக்காது.

போன தை மாதம் குஞ்சம்மாளுக்கு வரப்பில் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. பஜாரில் இருக்கும் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு வால்வு கசிகிறது என்றார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி வந்த காய்ச்சலின் வேலை அது. எக்கோ எடுத்தார்கள். ஓரிடத்தில் கசிவு ‘கடுமை’ என்று எழுதினார்கள், இன்னோரிடத்தில் ‘நடுத்தரம்’ என்றார்கள். கடுமையென்றால் ஆபரேஷன், நடுத்தரமென்றால் மாத்திரை.

“எம்ஆர்ஐ எடுத்தா சந்தேகமே இருக்காது” என்றார் பஜார் டாக்டர். “இருதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுது, அதுல எவ்வளவு திரும்பி வருதுன்னு அளந்து சொல்லிடும். ராஜகிரியில இலவசமா எடுக்கறாங்க. சீக்கிரம் போங்க. இருதயம் ரொம்ப வீங்கிட்டா அப்புறம் அந்த வால்வைத் தெச்சுச் சரிபண்ண முடியாது.”

அளந்து சொல்லிவிடும் என்ற சொல்லே தனகோட்டிக்குத் தேனாக இருந்தது. மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

எந்திரம் ஓடவில்லை. திறப்பு விழாவன்றே ஒரு சிறு அசம்பாவிதம் நடந்திருந்தது. போட்டோவில் எந்திரமும் விழவேண்டும் என்பதற்காக ரிப்பனை வாசலில் கட்டாமல் உள்ளேயே கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் தாம்பாளத்திலிருந்து இரும்புக் கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்த கையோடு அது அவரை விட்டுப் பறந்து, ரிப்பனையும் இழுத்துக்கொண்டு காந்தக் குகைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. நான்கு பேர் இழுத்தும் வரவில்லை. நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ரங்கநாதன் சற்றும் கலங்காமல் ஒலிபெருக்கியை வாங்கி, “நமது கருவி தன்னைத் தானே திறந்துவைத்துக்கொண்டது! இப்படி ஒரு சுறுசுறுப்பான கருவி வேறெங்கும் கிடையாது” என்றார். பலத்த கைதட்டல். காந்தத்தின் விசையை இறக்கிக் கத்தரிக்கோலை எடுத்து மறுபடி விசையை ஏற்ற ஏழு வாரம் பிடித்தது. அந்த ஏழு வாரத்தில் குஞ்சம்மாள் ஒரு தலையணையில் படுத்தவள் மூன்று தலையணைக்கு மாறியிருந்தாள்.

எட்டாவது வாரம் அவர்களை ஷோபனா வரவேற்றார். நிலையத்தில் அவருக்கு ‘நோயாளி அனுபவ மேலாளர்’ என்று பதவி. சிரித்துக்கொண்டே இருப்பது அந்தப் பதவியின் கடமைகளில் ஒன்று.

“ஸ்கேன் எடுக்கும்போது பதினெட்டு செகண்ட் மூச்சை அடக்கணும்மா. நெஞ்சு அசைஞ்சா படம் கலங்கிடும். அதனால முன்னாடியே ஒரு தகுதித் தேர்வு வெச்சிருக்கோம். அதுல பாஸ் பண்றவங்களுக்குத்தான் தேதி.”

தனகோட்டி தலையைச் சொறிந்தார். “மேடம், இதுக்கு மூச்சு வாங்குதுன்னுதான கூட்டியாந்தேன்?”

“அது நோய் சார். இது தகுதி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

தேர்வுக்கூடம் குளிர்சாதன வசதியோடு இருந்தது. ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் விசிலும் ஸ்டாப் வாட்ச்சுமாக நின்றார். விசில் ஊதியதும் பத்துப் பேர் மூச்சை இழுத்து அடக்கினார்கள். ஆறாவது நொடியில் குஞ்சம்மாள் இருமிவிட்டாள். அவளுக்கு அடுத்திருந்த பெரியவர் ஐந்தில் விட்டுவிட்டார். பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த மகன், போலீஸ் வேலைக்குத் தினமும் ஓடிப் பழகுகிறவன், சும்மா துணைக்கு உட்கார்ந்திருந்தவன், விளையாட்டாக மூச்சை அடக்கிப் பார்த்து ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டான். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அவனை அப்படியே அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்து, இருதயம் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவை அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

தனகோட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. மார்க்கெட் கமிட்டியில் ஈர மூட்டை, காய்ந்த மூட்டை எது வந்தாலும் தராசில் ஏற்றித்தான் ஆகவேண்டும். நல்ல மூட்டையை மட்டும் எடை போடுவேன் என்று அவர் சொன்னால் விவசாயிகள் அவரையே தூக்கித் தராசில் வைத்துவிடுவார்கள். இங்கே படித்தவர்கள் செய்கிறார்கள், அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நம்மில் பாதிப்பேர் இப்படி நினைத்துக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறோம்.

“எவ்ளோ சொன்னாங்க?” என்று வெளியே வந்ததும் கேட்டாள் குஞ்சம்மாள்.

“ஆறு.”

“பாஸுக்கு?”

“பதினெட்டு.”

“பத்தாங்கிளாஸுலயே நான் கணக்குல ஃபெயிலு” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் மறுபடி மூச்சு வாங்கியது. வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

தேறாதவர்களை நிலையம் கைவிட்டுவிடவில்லை. அவர்களுக்கென்று ‘மூச்சு வளர்ப்பு முகாம்’ நடத்தியது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ராஜகிரி மலையடிவாரத்தில். நோயாளிகள் கோட்டைப் படி ஏறவேண்டும். ஏற ஏற நுரையீரல் விரியும் என்பது டாக்டர் ரங்கநாதனின் கண்டுபிடிப்பு. எல்லோருக்கும் பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். கைத்தடி ஊன்றியவர்களும் காலில் நீர் கோத்தவர்களும் பச்சைத் தொப்பியோடு வரிசையாக நின்றதைப் பார்த்துச் சுற்றுலா வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

குஞ்சம்மாள் மலைப்படி வரைக்கும்கூடப் போகவில்லை. அடிவாரத்திலிருக்கும் பழைய கோட்டை நெற்களஞ்சியத்தின் வாசலிலேயே உதடு நீலம் பாரித்து உட்கார்ந்துவிட்டாள். தனகோட்டி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தபோது ஷோபனா ஓடிவந்தார். கையில் சான்றிதழ் இருந்தது. “பங்கேற்றதே பெரிய விஷயம்மா!” என்று கொடுத்துவிட்டு, அவளை அதைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டார். “கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுச் சிரிங்க. மூச்சு வாங்கறது படத்துல தெரியுது.”

அடுத்தடுத்த இரண்டு தேர்வுகளில் குஞ்சம்மாள் ஐந்து நொடியும் நான்கு நொடியும் எடுத்தாள். நான்காவது முறையும் தவறினால் நிரந்தரத் தகுதியிழப்பு என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் போய் ஆடி வந்திருந்தது. அவள் இப்போது படுப்பதேயில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். தனகோட்டி எதிரே உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பயம் பிடித்துவிட்டது.

வழி சொன்னவள் குஞ்சம்மாளின் தங்கை வளர்மதி. கடலைக்காய் பிடுங்கப் போகிற உடம்பு. அவள் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தால் ஏரிக்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும்.

“இன்னா மாமா, இதுக்குப் போய் இவ்ளோ டென்சனு? மேல்மலையனூர் கோயில்ல அமாவாசைக்கு நாம இன்னா பண்றோம்? நான் போயி வரிசைல நிப்பேன். கிட்டக்க போனதும் அக்கா வந்து என் எடத்துல பூந்துக்கும். யாரு கேக்கறா? அதே மாதிரி டெஸ்ட்டுக்கு நான் போறேன். மெஷினு கிட்ட போறப்போ அக்கா பூந்துக்கட்டும்.”

எங்கள் பக்கத்தில் இதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைப்பதில்லை. குடும்பத்தில் கால் வலுவாக இருப்பவர் வரிசையில் நிற்பது, நிற்க முடியாதவர் கடைசியில் வந்து சேர்ந்துகொள்வது, அம்மன் முன்னாலேயே நடக்கிற ஏற்பாடு. அம்மன் ஒருபோதும் ஆட்சேபித்ததில்லை. தனகோட்டியும் சரியென்றார்.

வளர்மதி அக்காவின் அட்டையோடு போய் நாற்பத்தொரு நொடி மூச்சடக்கினாள். நாலு நொடியிலிருந்து நாற்பத்தொன்று! விளையாட்டு ஆசிரியர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூச்சு வளர்ப்பு முகாமின் மகத்தான வெற்றி என்று ஷோபனா மேலே போன் போட்டார். முகம் வேறாக இருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று முறையும் அவர்கள் பார்த்தது ஸ்டாப் வாட்ச்சைத்தானே.

தேதி கொடுப்பார்கள், அன்று அக்காவை அனுப்பலாம் என்பதுதான் திட்டம். ஆனால் அன்றைக்கென்று நிலையத்துக்குத் தரச்சான்று வழங்கும் குழு வந்திருந்தது. அவர்கள் பார்க்கும்படி ஸ்கேன் எடுப்பதற்காக ஏற்பாடு செய்திருந்த ஆள், ஒத்திகையில் அளவுக்கு மீறி மூச்சடக்கி மயங்கிவிட்டார். குழு கண்ணாடிக்கு அப்பால் காத்திருக்கிறது. ஷோபனாவின் கண் வளர்மதிமேல் விழுந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மெட்டி, தாலி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றவைத்து, நீல அங்கி போட்டு, குகைக்குள் தள்ளிவிட்டார்கள். “அய்யோ நான் இல்லீங்க!” என்று அவள் கத்தியது உள்ளே காந்தம் போட்ட தடதட சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூச்சை அடக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது பயத்தில் அடக்கியும் விட்டாள்.

சாயங்காலம் அறிக்கை வந்தது. பெயர்: குஞ்சம்மாள். வால்வுக் கசிவு: இல்லை. இருதயத்தின் அளவு, வலிமை: மிகச் சிறப்பு. படங்களின் தெளிவைக் குழு வெகுவாகப் பாராட்டியது.

மறுநாள் தனகோட்டி மனைவியையும் மைத்துனியையும் அழைத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக் கும்பிட்டார். “தப்பு எங்க மேலதான் சார். இதுதான் நெசமான குஞ்சம்மாள். இதுக்கு ஒரு தபா எடுத்துடுங்க.”

டாக்டர் ரங்கநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அறிக்கையைப் பார்த்தார். அறிக்கையைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகம் கனிந்தது.

“மிஸ்டர் தனகோட்டி, உணர்ச்சிவசப்படாம யோசிங்க. என்கிட்ட குஞ்சம்மாளோட இருதயம் எழுபத்திரண்டு படமா இருக்கு. அற்புதமான படம். இந்தம்மாகிட்ட என்ன இருக்கு?”

“ஆதார் இருக்குது சார்.”

“ஆதார்ல இருதயம் தெரியுமா? கருவி பொய் சொல்லாது. கருவி பாத்த குஞ்சம்மாளுக்குக் கசிவு இல்ல. இந்தம்மாவுக்குக் கசிவு இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ இவங்க குஞ்சம்மாளா இருக்க வாய்ப்பே இல்ல.”

குஞ்சம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “நாந்தான் சார் குஞ்சம்மாளு. இன்னொருத்தி பேர்ல நான் இன்னாத்துக்கு சார் மூச்சு வாங்கப் போறேன்?”

“பாத்தீங்களா, நின்னு பேசவே முடியல. நம்ம குஞ்சம்மா நாப்பத்தொரு செகண்ட் அடக்கினவங்க.” அவர் மணியை அடித்தார். “ஆள்மாறாட்டத்துக்கு நான் போலீசுக்கே போகலாம். போகல. மனிதாபிமானம். இவங்க வேற பேர்ல புதுசா அட்டை போட்டுட்டு தகுதித் தேர்வு எழுதட்டும்.”

குஞ்சம்மாள், குஞ்சம்மாளாக ஆள்மாறாட்டம் செய்தாள் என்று கோப்பில் எழுதப்பட்டது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. தனகோட்டி இன்னும் அந்த நகலை வைத்திருக்கிறார்.

பத்து நாள் கழித்து ‘கசிவற்ற செஞ்சி’ விழா வந்தது. பதிவேட்டிலிருந்த குஞ்சம்மாளுக்கு, அதாவது வளர்மதிக்கு, மேடையில் சால்வை. வராவிட்டால் அக்காவுக்குப் புது அட்டை கிடையாது என்று சொல்லியிருந்ததால் மூவரும் வந்தார்கள். டாக்டர் ரங்கநாதன் பேசினார்.

“பெரியோர்களே! செஞ்சிக் கோட்டைக்குள் அவ்வளவு எளிதில் யாரும் நுழைய முடியாது. அந்தப் பெருமையை நாங்கள் காப்பாற்றியிருக்கிறோம். எங்கள் ஸ்கேன் அறைக்குள்ளும் அவ்வளவு எளிதில் யாரும் நுழைய முடியாது! சிலர் கேட்கிறார்கள், நோயாளிகளை ஏன் ஸ்கேன் எடுப்பதில்லை என்று. நோயாளி இருமுவார். அசைவார். மூச்சு விடுவார். படம் கெட்டுவிடும். கெட்ட படத்தை வைத்துக்கொண்டு நாளை நாங்கள் எந்தக் குழுவின் முகத்தில் விழிப்பது? ஆரோக்கியமான இருதயத்துக்குத்தான் ஆரோக்கியமான படம் வரும். ஆகவே முதலில் குணமாகுங்கள், பிறகு வாருங்கள். உங்களுக்கு என்ன நோய் என்று துல்லியமாகச் சொல்கிறோம்.”

கைதட்டலுக்கு நடுவே மூன்றாவது வரிசையில் குஞ்சம்மாள் முன்பக்கம் சாய்ந்தாள். இருமல் நிற்கவில்லை. ஷோபனா குனிந்தபடி ஓடிவந்து, “அம்மா, வீடியோ ஓடுது. இருமலை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கோங்க” என்றார். மேடையில் சால்வைக்குள் நின்றிருந்த வளர்மதி இதைப் பார்த்துவிட்டாள். சால்வையை உருவி இயக்குநரின் மடியிலேயே போட்டுவிட்டு, “அக்கா!” என்று ஒரு குரல் கொடுத்தபடி குதித்து இறங்கினாள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

வாசலில் அவர்களைத் தடுத்து நிறுத்தியவர் ஆனந்தராஜ். அந்த எந்திரத்தை இயக்குகிற டெக்னீசியன். இத்தனை மாதமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்.

“அண்ணே, இங்க ஸ்கேன் எடுப்பாங்கன்னு காத்துகினு இருக்காதீங்க. அது வேணாம். பழைய எக்கோ போதும். இப்பவே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் வண்டி சொல்றேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மூச்சை அடக்க முடியாதவங்களுக்குன்னு மெஷின்லயே தனியா ஒரு முறை இருக்குதுண்ணே. சும்மா மூச்சு விட்டுகினு படுத்திருந்தா போதும். படம் கொஞ்சம் மங்கலா வரும், ஆனா கசிவு இவ்ளோன்னு சொல்லிடும். அதைத் தொடக் கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர்.”

தனகோட்டிக்குக் கோபம் வந்தது. எட்டு மாதத்தில் முதல் கோபம். “உனக்குத் தெரிஞ்சே இருந்துதா?” என்றார். திட்டுவதற்கு நேரமில்லை, வண்டி வந்துவிட்டது.

புதுச்சேரியில் முதலில் நுரையீரலில் கோத்திருந்த நீரை மருந்து போட்டு இறக்கினார்கள். மூன்றாம் நாள் எம்ஆர்ஐ அறைக்குக் கூட்டிப் போனார்கள். குஞ்சம்மாள் வாசலிலேயே நின்று, “நான் நாலு செகண்டுதான் சார், முன்னாடியே சொல்லிடறேன்” என்றாள். அங்கிருந்தவருக்கு அவள் சொன்னது விளங்கவில்லை. “நீங்க பாட்டுக்கு மூச்சு விடுங்கம்மா. தூக்கம் வந்தா தூங்குங்க” என்றார். முக்கால் மணி நேரம் ஆனது. அவள் உண்மையிலேயே கொஞ்சம் தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் டாக்டர் ஷிபா அறிக்கையோடு கட்டிலருகே வந்தார். இளம் டாக்டர்.

“கசிவு ரொம்பக் கடுமையா இருக்கு. நூறு பங்கு ரத்தம் தள்ளுச்சுன்னா அம்பத்தாறு பங்கு திரும்பிப் பின்னாடியே வந்துடுது. இருதயமும் வீங்கிப் போச்சு. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இவங்க வால்வையே தெச்சுச் சரிபண்ணப் பாத்திருக்கலாம். இப்ப அது முடியாது, உலோக வால்வுதான் வைக்கணும். ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும், மாசாமாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். புதன்கிழமை ஆபரேஷன்.”

தனகோட்டி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அவரைக் கும்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “நல்லா இருக்கணும்மா நீங்க. குடும்பத்தோட நல்லா இருக்கணும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வளர்மதி ஓடிப்போய்ப் பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம், “எங்கக்காவுக்கு அம்பத்தாறாம்!” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளையின் வீடு மாதிரி இருந்தது அந்த வார்டு.

டாக்டர் ஷிபாவுக்குத் திகைப்பாக இருந்தது. தான் சொன்னது இவர்களுக்குப் புரியவில்லையோ என்று அவர் நோயாளியின் பக்கம் குனிந்தார்.

“அம்மா, இது நல்ல செய்தி இல்லம்மா. உங்களுக்கு உடம்பு ரொம்ப மோசமா இருக்குன்னு சொல்றேன்.”

“தெரியுதும்மா” என்றாள் குஞ்சம்மாள். கையை நீட்டி டாக்டரின் விரலைப் பிடித்துக்கொண்டாள். “இவ்ளோ நாளா நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு எழுதி எழுதியே என்னைக் கொல்லப் பாத்தாங்க.”